பழைய படம் இருக்குதுங்களா?

கோவையிலோ சூலூரிலோ திருச்செங்கோட்டிலோ குமாரபாளையத்திலோ பல் மருத்துவம் படித்து முடித்து, அன்னூர், அவிநாசி, காங்கேயம், கோபி என்று ஏதோ ஓர் ஊரில் கிளினிக் திறக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். சொத்தை அடைப்பது, பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை செய்வது எல்லாம் நாளடைவில் கைக்குப் பழகிவிடும். நான் பேச வந்தது தாடை எலும்புக்குள் வளரும் புற்றுநோய் அல்லாத கட்டிகளைப் பற்றி. அவற்றை முதன்முதலில் பார்க்கப் போவது கோவை அவிநாசி சாலைப் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் இல்லை. ஞானப்பல்லுக்கு என்று எடுத்த சின்னப் படத்தின் ஓரத்தில் நீங்கள்தான் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒருவருக்குக் கொஞ்சம் எலும்பு போவதா, பாதித் தாடையே போவதா என்பது முடிவாகும். எக்ஸ்ரே படங்களைப் பார்ப்பதையும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையுமே தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. வலி இல்லை என்று சொன்னால் கூடுதலாகக் கவனியுங்கள்.

நம் பக்கத்தில் தாடை வீங்கி வருகிறவர்கள் வந்ததும் சொல்வது இதுதான்: “வலியே இல்லீங்க டாக்டர், அதனாலதான் அப்படியே விட்டுப்போட்டோம்.” தறிக்குப் போகிறவர், மஞ்சள் காட்டில் வேலை செய்கிறவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் பெண், யாராக இருந்தாலும் வலிக்காத வீக்கத்துக்காக ஒரு நாள் கூலியை விட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பொன்னுக்கு வீங்கி என்று கழுத்தில் சங்கிலி போட்டுப் பார்ப்பார்கள். பல்லில் சீழ் என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். கொஞ்சம் வடிந்தது போலத் தோன்றும், அத்தோடு மறந்துபோவார்கள்.

மெதுவாக வளர்வதால்தான் இந்தக் கட்டிகள் வலிப்பதில்லை. உள்ளே எலும்பு கரையக் கரைய, வெளிப்பக்கம் மெல்லிசாகப் புது எலும்பு படிந்துகொண்டே வரும். கீழ்த்தாடை நரம்பைக் கட்டி பெரும்பாலும் துளைக்காது, ஓரமாகத் தள்ளி வைக்கும். அதனால் உதடு மரத்துப்போவதும் அபூர்வம். உதடு மரத்திருக்கிறது, சில வாரங்களிலேயே வீக்கம் பெரிதாகிவிட்டது, நல்ல பற்கள் திடீரென்று ஆடுகின்றன என்று யாராவது வந்தால், புற்றுநோயோ என்று யோசித்து அன்றைக்கே பெரிய இடத்துக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எலும்பில் 30 முதல் 50 சதவீதம் சுண்ணாம்புச் சத்து போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கறுப்பு தெளிவாகத் தெரியும். ஆகவே நீங்கள் முதன்முதலாகப் பார்க்கிற கட்டிக்கு ஏற்கெனவே வயதாகியிருக்கும்.

2. பழைய படத்தைக் கேளுங்கள்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு படம் எடுத்த அந்த நாளை மட்டும்தான் காட்டும். இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால்தான் கட்டி எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, போகிறதா நின்றுவிட்டதா என்பது தெரியும்.

நம் ஊர்க்காரர்கள் படங்களை எறிய மாட்டார்கள். ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, நிலத்துச் சிட்டா நகல் எல்லாம் இருக்கும் மஞ்சப்பையில் மடித்து வைத்திருப்பார்கள். கேட்டால்தான் எடுப்பார்கள். பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வலது கீழ்த்தாடையில் கல் போல வீக்கம். “முன்னால எப்பவாச்சும் படம் எடுத்தீங்களாம்மா?” என்றதற்கு முதலில் இல்லை என்றார். மகள்தான் நினைவூட்டினாள்: “சொத்தைக்குப் போனப்ப எடுத்தமல்லம்மா?” பையின் அடியிலிருந்து ஒரு காக்கி உறை வந்தது. உள்ளே கட்டைவிரல் அளவுக்குச் சின்னப் படம், ஓரங்கள் பழுப்பேறி, உறையின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் தேதி. படத்தில் சொத்தைப் பல் நடுவில் இருந்தது. அதற்குப் பின்னால் புதைந்த ஞானப்பல்லின் தலையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். புதைந்த பல்லைச் சுற்றி 2, 3 மில்லிமீட்டர் கறுப்பு இருப்பது இயல்பு. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். அந்தப் படத்தில் தாண்டியிருந்தது. சொத்தையைப் பார்க்க எடுத்த படம் என்பதால் சொத்தையை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

புதிதாக எடுத்த ஓ.பி.ஜி.யில், அதாவது முழுத் தாடைப் படத்தில், அதே கறுப்பு முன்கடைவாய்ப் பல்லிலிருந்து காதுக்குக் கீழே ஏறும் எலும்பு வரை பரவி, உள்ளே அறை அறையாகப் பிரிந்திருந்தது. ஞானப்பல் தாடையின் அடி விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தது. கடைவாய்ப் பல்லின் வேர்கள் கத்தியால் நறுக்கியது போல நேராக அறுபட்டிருந்தன. இரண்டு படங்களையும் லைட் பாக்ஸில் சேர்த்து மாட்டியதும், பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவிக்கு நான் ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய படம் என்றால் பல் படம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கம்பி போட்டபோது எடுத்த ஓ.பி.ஜி. இருக்கும். பைக்கிலிருந்து விழுந்ததற்குத் தலைக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில் தாடையின் ஒரு பகுதி விழுந்திருக்கும். சைனஸுக்கு எடுத்த ஸ்கேனில் மேல்தாடை முழுதாக இருக்கும். எங்கே எடுத்தார்கள் என்று கேட்டு அந்த இடத்துக்குப் போன் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தின் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். கணினியில் இருக்கும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

3. ஓ.பி.ஜி.யில் ஸ்கேல் வைத்து அளந்து பெரிதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

ஓ.பி.ஜி. எல்லாவற்றையும் பெரிதாக்கித்தான் காட்டும். எவ்வளவு பெரிதாக்கும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரே இயந்திரத்தில்கூட, நோயாளி முகவாயை எப்படி வைத்தார் என்பதைப் பொறுத்து மாறும். குறுக்குவாட்டு அளவு இன்னும் மோசம். போன வருடம் ஒரு சென்டரில், இந்த வருடம் வேறு சென்டரில் எடுத்துவிட்டு இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டு நோயாளியைப் பயமுறுத்துவதில் பயன் இல்லை.

அசையாத அடையாளங்களை வைத்து ஒப்பிடுங்கள். போன படத்தில் கட்டியின் முன் விளிம்பு எந்தப் பல்லின் வேரில் நின்றது, இப்போது எதில் நிற்கிறது? நரம்புக் குழாயின் மேல் விளிம்பு தெரிந்ததா, இப்போதும் தெரிகிறதா? தாடையின் அடி விளிம்பு தடித்த வெள்ளைக் கோடாக இருந்தது நூல் போல ஆகிவிட்டதா? வேர் நுனி கூராக இருந்தது மழுங்கியிருக்கிறதா? இப்படிக் கேட்டு விடையை எழுதி வையுங்கள்.

கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் எலும்பு எவ்வளவு உப்பியிருக்கிறது என்பது ஓ.பி.ஜி.யில் தெரியவே தெரியாது. அதற்குப் படத்தை வாயில் கடிக்கக் கொடுத்து எடுக்கும் ஆக்லூசல் படமே போதும், செலவும் குறைவு. இப்போது யாரும் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் இருந்தால் மூன்று திசையிலும் அளக்கலாம். ஆனால் அதில் தசை சரியாகத் தெரியாது. எலும்பின் சுவர் உடைந்து கட்டி வெளியே வந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும்.

4. அமெலோபிளாஸ்டோமா போகும் பாதையை மனப்பாடம் செய்யுங்கள்.

இதற்கு 1885இல் பிரான்ஸின் மலாஸே அடமான்டினோமா என்று பெயர் வைத்தார். 1930இல் ஐவியும் சர்ச்சிலும் இப்போதுள்ள பெயருக்கு மாற்றினார்கள். பற்சிப்பியை உருவாக்கும் திசுவின் வழியில் வருவது. பத்தில் எட்டு கீழ்த்தாடையில் வரும், அதிலும் பெரும்பாலானவை பின்கடைவாயில். வாலிப வயதிலும் நடு வயதிலும் அதிகம் பார்ப்போம்.

ஆரம்பத்தில் இது ஒரு சின்ன வட்டக் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை விளிம்பு. அந்த நிலையில் சாதாரண நீர்க்கட்டிக்கும் இதற்கும் படத்தில் வித்தியாசம் சொல்ல எவராலும் முடியாது. முடியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். விட்டுவிட்டால் விளிம்பு வளைவு வளைவாகும். உள்ளே தடுப்புகள் தோன்றும். சிறு அறைகள் என்றால் பாடநூல் தேன்கூடு என்கிறது, பெரிய அறைகள் என்றால் சோப்பு நுரை என்கிறது. தாடை முன்பின்னாக மட்டுமல்லாமல் இரு பக்கமும் உப்பும். வேர்கள் அறுபடும். புறச்சுவர் மெலிந்து மெலிந்து, விரலால் அழுத்தினால் முட்டை ஓடு நொறுங்குவது போலச் சத்தம் வரும். கடைசியில் சுவர் உடைந்து கட்டி தசைக்குள் போகும். இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் காலம் ஆளுக்கு ஆள் வேறுபடும். 2015இல் ப்ளோஸ் ஒன் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இதன் வளர்ச்சி வேகத்தை ஆண்டுக்குச் சராசரி 88 சதவீதத்தை ஒட்டி மதிப்பிட்டது. அது பல நோயாளிகளைச் சேர்த்துப் போட்ட சராசரி. உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கட்டி அடுத்த ஆண்டு எவ்வளவு இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் “மெதுவாத்தான வளருது, அடுத்த தைக்குப் பார்க்கலாம்” என்று சொல்ல வாய் திறக்கும்போது அந்த எண் நினைவுக்கு வரட்டும்.

அறுவை நிபுணர் ஏன் இவ்வளவு எலும்பை எடுக்கிறார் என்று நோயாளிகள் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள். படத்தில் தெரிகிற விளிம்பைத் தாண்டியும் பஞ்சு போன்ற உள் எலும்பின் இடுக்குகளில் கட்டி சில மில்லிமீட்டர் நுழைந்திருக்கும். அதனால்தான் விளிம்புக்கு வெளியே 1 முதல் 2 சென்டிமீட்டர் சேர்த்து எடுக்கிறார்கள். வெறுமனே சுரண்டி எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது. ஒரே அறையாக இருக்கும் யூனிசிஸ்டிக் வகை, 1977இல் ராபின்சனும் மார்ட்டினெஸும் தனியாகப் பிரித்துக் காட்டியது, கொஞ்சம் சாது. இளம் வயதுக்காரருக்குக் குறைந்த அறுவையே போதலாம். ஆகவே சின்னதாக இருக்கும்போதே பயாப்ஸி எடுப்பதில் ஒரு பல், ஒரு நரம்பு, சில நேரம் ஒரு முகமே மிஞ்சும்.

5. உப்பாத கட்டிக்குத்தான் இன்னும் பயப்பட வேண்டும்.

கெரட்டோசிஸ்டுக்கு வேறு குணம். வாய்க்கால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதைப் போல, எலும்பின் மென்மையான உள்பகுதி வழியாகவே நீளத்துக்கு ஓடும். தாடை வெளியே அதிகம் உப்பாது. வீக்கமே இல்லாமல் கடைவாயிலிருந்து தாடை மூட்டுக்குக் கிட்டே வரை காலியாகியிருக்கும், முகம் கண்ணாடியில் அப்படியே இருக்கும். பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த படத்தில்தான் அகப்படும். இதை உலக சுகாதார நிறுவனம் 2005இல் கட்டி என்று வகைப்படுத்தியது, 2017இல் மறுபடி நீர்க்கட்டிக் கணக்கில் சேர்த்தது. பட்டியல் மாறினாலும் திரும்பி வரும் குணம் மாறவில்லை.

ஒரே பிள்ளைக்குத் தாடையில் இரண்டு மூன்று இடத்தில் இது இருந்தால் கோர்லின் நோய்க்குறியா என்று பார்க்கச் சொல்லி அனுப்புங்கள். மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்பு பிளவுபட்டிருக்கலாம். பிற்காலத்தில் தோலில் புற்று வரக்கூடிய குடும்பம் அது. அப்பா அம்மாவின் தாடையையும் படம் எடுங்கள்.

சில நீர்க்கட்டிகளில் சின்னக் குழாய் வைத்து உள்ளிருக்கும் அழுத்தத்தைக் குறைத்தால், மாதங்கள் போகப் போக ஓரத்திலிருந்து புது எலும்பு நிரம்பி வருவதைப் படத்திலேயே பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு அந்தக் குழாயைத் தினமும் கழுவ வேண்டும் என்று நோயாளிக்குப் பத்து தடவை சொல்லக்கூட உங்களுக்கு அலுக்காது.

6. கறுப்பு வெள்ளையாக மாறும் கட்டிகளும் உண்டு.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓடோன்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கறுப்பு, பிறகு கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டுகள், முற்றியபின் மெல்லிய கறுப்பு வளையத்துக்குள் வெள்ளைக் குவியல். பல் உருவாகி முடிவது போல இதுவும் உருவாகி முடிந்து நின்றுவிடும். நின்றுவிடும் என்பதால் தீங்கில்லை என்று ஆகாது, முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லின் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

2019 ஜூலையில் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஏழு வயதுச் சிறுவனின் வலது கீழ்த்தாடையிலிருந்து சுமார் 200 கிராம் எடையுள்ள பை போன்ற ஓடோன்டோமாக் கட்டியை எடுத்தார்கள். அதைத் திறந்து எண்ணியபோது உள்ளே 526 பற்கள். மிகச் சிறியது 0.1 மில்லிமீட்டர், பெரியது 15 மில்லிமீட்டர். எண்ணி எடுக்கவே ஐந்து மணி நேரம் ஆனது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எண்ணிக்கையைத்தான் தலைப்பாகப் போட்டன. நான் என் மாணவர்களிடம் வேறொன்றைச் சொன்னேன். அந்த வீக்கத்தைப் பெற்றோர் பையனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே கவனித்திருக்கிறார்கள். அப்போது சின்னதாக இருந்தது, குழந்தையும் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. இடையில் நான்கு ஆண்டுகள் போய்விட்டன. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 2014இல் 17 வயதுப் பையனின் தாடையிலிருந்து 232 பற்கள் எடுத்ததும் இதே வகைக் கட்டிதான்.

மூன்று வயதுக் குழந்தையை அசையாமல் படம் எடுப்பது கஷ்டம், எனக்கும் தெரியும். அன்றைக்கு எடுக்க முடியாவிட்டால் அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள், அம்மா மடியில் உட்கார வைத்து முயலுங்கள், முடியவில்லை என்றால் குழந்தைப் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். “வளர்ந்தப்பறம் பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். உதிர வேண்டிய வயதில் பால்பல் உதிராமல் நிற்கிறது, பக்கத்தில் ஈறு உப்பியிருக்கிறது என்றால் படம் எடுக்காமல் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு விடாதீர்கள்.

அடினோமாட்டாய்டு ஓடோன்டோஜெனிக் கட்டியும் இதே போலத்தான். இளம் பெண்கள், மேல்தாடை, முளைக்காத கோரைப்பல், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீர்க்கட்டி போலவே இருக்கும், நாளாக ஆகச் சின்னச் சின்ன வெள்ளைத் துகள்கள் தூவியது போல வரும். டென்மார்க்கின் பின்ட்போர்க் 1955இல் விவரித்த கட்டியும் சுண்ணாம்பு படிந்து வெளுப்பதுதான். அவர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ஃபாலி மேத்தாவோடு சேர்ந்து நம் நாட்டுப் பாக்கு, புகையிலை நோய்களைப் பற்றிச் செய்த வேலையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். நம் மக்களின் வாய்க்குள் இருப்பதை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர்கள் குறைவு.

7. பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் வேர் சிகிச்சையைத் தொடங்காதீர்கள்.

நடு வயதுப் பெண். கீழ் முன்பற்களின் வேர் நுனியில் கறுப்பு. சொத்தை இல்லை, அடிபட்டதில்லை, நிறம் மாறவில்லை. ஐஸ் வைத்தால் கூசுகிறது. இது சீழ் இல்லை, செமெண்டோ ஆசியஸ் டிஸ்ப்ளேசியா. தொடாமல் விட்டால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் வெள்ளை படியும், கடைசியில் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோட்டுடன் வெண்கட்டியாக நிற்கும். முதல் கட்டத்தில் பார்க்கிற அவசரக்காரர் நான்கு நல்ல பற்களுக்கு வேர் சிகிச்சை செய்து, தொப்பி போட்டு, பணமும் வாங்கிவிடுவார். தாடையின் பல பக்கங்களிலும் இது பரவியிருக்கும் வகையில் ரத்த ஓட்டம் குறைவு. பயாப்ஸிக்கு என்று குடைந்தாலோ பல்லைப் பிடுங்கினாலோ புண் ஆறாமல் எலும்பு சீழ் பிடிக்கும். படமும் உயிர்ப்புச் சோதனையும் போதும். ஈறைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி, அவ்வப்போது படம் எடுத்துப் பாருங்கள்.

8. மாறாதவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தாடையின் நரம்புக் குழாய்க்குக் கீழே, கோணத்துக்கு அருகில் ஒரு முட்டை வடிவக் கறுப்பு. 1942இல் ஸ்டாஃப்னே விவரித்தது. உமிழ்நீர்ச் சுரப்பி அழுத்தியதால் வந்த பள்ளம், எத்தனை ஆண்டு கழித்து எடுத்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வேர்களுக்கு இடையே தனியாக நிற்கும் வெள்ளை எலும்புத் திட்டு, அண்ணத்து நடுவில் இருக்கும் எலும்புப் புடைப்பு, இவையும் பெரும்பாலும் வம்பு செய்யாது. பல இடங்களில் எலும்புப் புடைப்புகள், கூடவே முளைக்காத பற்கள் என்று இருந்தால் மட்டும் குடல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கார்ட்னர் நோய்க்குறியில் குடல் பாலிப்புகள் கண்டுபிடிக்கப்படும் முன்பே தாடை காட்டிக்கொடுக்கும்.

வளர்ந்து பிறகு அடங்குவதும் உண்டு. ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா சிறு வயதில் வளர்ந்து, பருவம் முடிந்து எலும்பு முதிரும் காலத்தில் பெரும்பாலும் அடங்கும். எல்லை தெரியாமல் சுற்றியுள்ள எலும்போடு கலந்து, தேய்த்த கண்ணாடி போல இருக்கும். நரம்புக் குழாயை மேலே தள்ளும். ஆசிஃபையிங் ஃபைப்ரோமா அப்படி இல்லை. அதற்கு எல்லை உண்டு, உருண்டையாக எல்லாப் பக்கமும் தள்ளும், தாடையின் அடி விளிம்பு வில் போலக் கீழே வளையும், தானாக அடங்காது. முதலாவதைக் காலம் பார்த்துச் சீவி விடலாம், இரண்டாவதை எடுத்தே ஆக வேண்டும். முதலாவதற்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கவே கூடாது, புற்றாக மாறக்கூடும்.

9. ஜெயன்ட் செல் என்று பயாப்ஸி முடிவு வந்தால் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பாருங்கள்.

பாராதைராய்டு சுரப்பிக் கோளாறால் வரும் கட்டியும் படத்திலும் நுண்ணோக்கியிலும் அதே போலத்தான் இருக்கும். சுரப்பியைச் சரி செய்தால் தாடையில் எலும்பு பெரும்பாலும் திரும்ப வளரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் ஒரு தாடை அறுவை மிச்சமாகலாம்.

10. மேல்தாடையில் காத்திருக்காதீர்கள்.

அங்கே எலும்பு மெல்லிசு, பக்கத்தில் சைனஸ் என்ற காலி அறை. கட்டி வீக்கம் காட்டாமல் அதற்குள் வளர்ந்து கண்ணுக்கும் மூளையின் அடிக்கும் அருகே போய்விடும். ஓ.பி.ஜி.யில் எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் பாதி மறைந்துவிடும். சந்தேகம் வந்தால் அன்றே ஸ்கேனுக்கு எழுதுங்கள்.

11. “அப்புறம் பார்க்கலாம்” என்றால் எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

எந்தக் கட்டி என்று தெரிந்துகொண்டு காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். எது என்றே தெரியாமல் காத்திருந்தால் அந்த நாட்கள் கட்டிக்குத்தான் உதவும். செமெண்டோ ஆசியஸ் டிஸ்ப்ளேசியா என்று உறுதி, பல்லுக்கு உயிர் இருக்கிறது என்றால் ஆறு மாதம், பிறகு ஆண்டுக்கு ஒன்று என்று தாராளமாகக் காத்திருக்கலாம். வட்டக் கறுப்பு, எது என்று தெரியவில்லை என்றால் காத்திருக்காமல் ஊசியிட்டு உறிஞ்சிப் பாருங்கள், பயாப்ஸிக்கு அனுப்புங்கள்.

நோயாளியின் நோட்டில் மறுபடி வர வேண்டிய தேதி, எந்த இயந்திரம், எந்தப் பக்கம், கட்டியின் விளிம்பு எந்தப் பல்லில் நிற்கிறது, இவ்வளவும் இருக்க வேண்டும். வராவிட்டால் கூப்பிடுவது யார் என்பதும் இருக்க வேண்டும். கரும்பு வெட்டு, மஞ்சள் அறுவடை, மாரியம்மன் நோன்பு, வீட்டில் கல்யாணம், இவற்றுக்கு நடுவே யாருக்கும் வலிக்காத தாடை நினைவுக்கு வராது. உங்கள் கம்பவுண்டரோ ரிசப்ஷன் பெண்ணோ ஒரு போன் போட்டால் வந்துவிடுவார்கள். அடிக்கடி சி.பி.சி.டி. எடுப்பதும் தப்பு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. ஓ.பி.ஜி. போதும் என்ற இடத்தில் ஓ.பி.ஜி. போதும்.

12. பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டுங்கள்.

“கட்டி” என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் மக்கள் மனத்தில் புற்றுநோய் வந்து நின்றுவிடும். அதற்குப் பயந்து “சின்ன நீர்க்கட்டிதானுங்க” என்று மழுப்பினால் அடுத்த தடவை வர மாட்டார்கள். “இது கேன்சர் இல்லீங்க. ஆனா விட்டா தாடையத் தின்னுக்கிட்டே போகும். இது போன தடவ எடுத்தது, இது இப்ப எடுத்தது, நீங்களே பாருங்க” என்று இரண்டு படத்தையும் காட்டுங்கள். படிக்காத பெரியவர்கூடப் பார்த்ததும் புரிந்துகொள்வார். கூட வந்தவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வீட்டில் முடிவெடுப்பது பல நேரம் அவர்தான்.

கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை என்றால் தாய் கேட்கும் முதல் கேள்வி முகம் கோணிப் போகுமா என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை இளக்காரமாக நினைக்காதீர்கள். காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துத் தாடை செய்யும் அறுவை இருக்கிறது, பின்னால் அதில் பல் பொருத்தவும் முடியும் என்று சொல்லுங்கள். கட்டி சின்னதாக இருக்கும்போதே வந்தால் அதுவும் வேண்டியிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி அவர்கள் வாய் திறக்கும் முன் நீங்களே முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சொல்லி, அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த அறுவை அதில் சேரும் என்பதை அங்கேயே போனில் விசாரித்துத் தாளில் எழுதிக் கொடுங்கள். “கோவைக்குப் போங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிவிடுவார்கள்.

13. அறுவை முடிந்தவர் உங்கள் நோயாளியாகத்தான் இருக்கிறார்.

கோவையில் அறுவை முடிந்து ஊருக்கு வந்தவரை மறுபடி பார்க்கப் போவது நீங்கள்தான். அறுவைக்குப் பின் எடுத்த முதல் படத்தைக் கேட்டு வாங்கி, ஒரு நகலை உங்கள் கணினியில் வைத்துக்கொண்டு ஒரு நகலை அவர் மஞ்சப்பையில் போடுங்கள். இனி வரும் எல்லாப் படங்களையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அமெலோபிளாஸ்டோமா திரும்பி வந்தால் பாதிக்கும் மேல் முதல் ஐந்து ஆண்டுக்குள் வரும். பத்து ஆண்டு கழித்து வந்ததும் உண்டு, ஒட்டு வைத்த எலும்பிலேயே வந்ததும் உண்டு. பழைய எலும்பும் புது எலும்பும் சேரும் கோட்டில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம் புதிதாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் தேடுங்கள். ஆறிய தழும்பு என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கை வேறு ஊருக்கு மாற்றுவதாக இருந்தால், இவர்களுடைய கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து, உங்களுக்குப் பின் அங்கே உட்காரப் போகும் டாக்டரிடம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளக்கி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.